லிஸ்ட் கேட்டாயாமே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. பெரியம்மா ஊர் நோம்பிக்குப் போய் வந்தோம், எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். அதெல்லாம் அப்புறம்.

ஆர்.எஸ். புரத்தில் எங்கெங்கே போகலாம், உள்ளூர்க்காரர்கள் சுற்றுகிற மாதிரி ஒரு லிஸ்ட் வேண்டும் என்று அக்காவிடம் கேட்டாயாமே. போனைக் காட்டினாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. சம்பந்தம் ரோட்டில் சைக்கிள் பழகிப் பல்லை உடைத்துக்கொண்டவன் நீ. இங்கே உனக்குத் தெரியாத சந்து உண்டா? அப்புறம் யோசித்தேன். கூட வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கேட்கிறாய். சரி. கேட்டது அக்காவிடம் என்றாலும், அவள் கல்யாணமாகி ஈரோடு போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, அவளுக்கு என்ன தெரியும்? நான் எழுதுகிறேன். போனில் எனக்கு நாலு வரிக்கு மேல் வராது, அதனால் தபால். கோயம்புத்தூர் 641002 என்று எழுதி எத்தனை நாளாயிற்று.

எங்கிருந்து கிளம்புவீர்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அதனால் நம் வீட்டு கேட்டிலிருந்து கிளம்புவதாக வைத்து எழுதுகிறேன்.

முதல் விஷயம், காரை எடுக்காதே. டி.பி. ரோட்டில் அடுக்குமாடி நிறுத்தமே கட்டிவிட்டார்கள், ஆனாலும் சாயங்காலம் வண்டிக்குள் உட்கார்ந்து ஹாரன் அடிப்பதற்கா இவ்வளவு தூரம் வருகிறீர்கள்? நடைபாதையை அகலமாகப் போட்டிருக்கிறார்கள். நடந்தே போங்கள். உன்னோடு வருகிற அந்தப் பெண்ணுக்கு முதலில் ரோட்டுக் கணக்கைச் சொல்லிக் கொடு. டி.பி. ரோடு நடுவில் ஓடுகிறது. ஒரே பேர் இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. வெளியூர்க்காரர்கள் ஆட்டோவில் வெறுமனே 'திருவேங்கடசாமி ரோடு' என்று சொல்லிவிட்டு வேறு பக்கத்தில் இறங்கி முழிப்பதை நாம் வாசலிலிருந்தே எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். கிழக்கா மேற்கா என்று கேட்டுக்கொண்டாலே பாதி உள்ளூர்க்காரி ஆகிவிடுவாள்.

காலையில் உழவர் சந்தைக்குப் போங்கள். ஆறு மணிக்கு. எட்டரை ஆனால் வாடின கீரைதான். தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அவர்களே தராசு வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அன்றன்றைய விலை போர்டில் எழுதியிருக்கும், பேரம் பேசி அசடு வழியாதே. சின்ன வெங்காயம் தண்டோடு வந்தால் ஒரு கட்டு வாங்கு. வாங்கினால் எங்கே வைத்துச் சமைப்பது என்று கேட்பாய். அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.

அங்கிருந்து பூ மார்க்கெட். சத்தியமங்கலத்து மல்லிகை மூட்டை மூட்டையாக இறங்கும். கூட்டம் நெருக்கும், போனைப் பத்திரமாக வை. அப்புறம் அன்னபூர்ணாவில் டிபன். மெனு கார்டை வாங்கி முழுக்கப் படிக்காதே. சாம்பார் வடை, காபி, அவ்வளவுதான். சாம்பார் பத்தாவிட்டால் இன்னொரு தடவை கேள், இந்த ஊரில் அதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் இதெல்லாம் முடிந்துவிட வேண்டும். ஆனி மாசம்தானே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மதியத்துக்கு மேல் புழுதியை வாரி இறைக்கும். சில நாள் சாரலும் வரும். குடை எடுத்துக்கொள். அவளுக்கும் ஒன்று.

மதியம் கௌலி பிரவுன் ரோட்டில் காஸ் மியூசியம். 1902-இல் தொடங்கினது, இன்னும் அந்தக் காலத்து வாசனையோடு இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் உன்னைக் கூட்டிப் போனபோது, அறுத்து வைத்த மரத்தின் வளையத்தை எண்ணுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாய். எழுபதுக்கு மேல் எண்ணிவிட்டு, விட்ட இடம் மறந்து அழுதாய். திறந்திருக்கும் நாளா என்று கேட்டுவிட்டுப் போ. சாயங்காலம் ரோட்டோரக் காளான். பேர்தான் காளான், பாதிக்கு மேல் முட்டைக்கோஸ், அது அவளுக்குத் தெரிய வேண்டாம். காரம் அதிகம், வெறும் வயிற்றில் சாப்பிடாதீர்கள். முன்னால் வீட்டுக்கு வந்து ஒரு வாய் அரிசியும் பருப்பும் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. எல்லாம் நடக்கிற தூரம்தான். காரை எடுக்காதே.

இப்போது புதுக் கடைகள். அதைத்தானே எல்லோரும் பார்க்க வருகிறார்கள். ஓட்டு வீடு ஒவ்வொன்றாகப் போய்க் காபிக் கடையும் துணிக் கடையுமாக ஆகிறது. நம் வீதிக் கடைசியில் டீச்சரம்மா வீடு இருந்ததே, அதுவும் காபிக் கடைதான் இப்போது. வேப்பமரத்தை மட்டும் வெட்டாமல் அதற்கு விளக்கு மாட்டியிருக்கிறார்கள். போன மாசம் அக்கா வந்திருந்தபோது என்னை அங்கே கூட்டிப் போனாள். ஒரு காபி 240 ரூபாய். நம் வீட்டில் ஒரு வாரத்துப் பால் அது. குடித்தால் கஷாயம் மாதிரி இருந்தது.

ஆனால் நான் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அக்காவுக்கு ஆச்சரியம். பக்கத்து மேஜையில் ஐந்தாறு பிள்ளைகள், காலேஜ் படிக்கிறவர்கள். ஒருத்தர் குவளையிலிருந்து ஒருத்தர் உறிஞ்சிப் பார்த்தார்கள், நல்லாயில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். பரிமாறின பையன் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் குவளைதான் வைத்தான். நான் அந்தக் குவளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ இரண்டாம் வருஷம் படித்தபோது உன் சிநேகிதன் ஒருவனைக் கூட்டி வந்தாய். ஞாயிற்றுக்கிழமை. ஒல்லியாக, உயரமாக, கையில் டி ஸ்கேல் வைத்திருந்தான். வாங்க கண்ணு, உக்காருங்க என்றேன். கொங்குநாட்டில் சின்னப் பிள்ளைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை அடிப்போமே, அன்றைக்கும் அதில் ஒரு குறை வைக்கவில்லை. எந்த ஊருங்க என்றேன். சொன்னான். கோயில் எதுங்க என்றேன். நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் மறைக்கவில்லை, சொன்னான். நான் உள்ளே போய், வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்திருந்த விளிம்பு நசுங்கின டம்ளரில் காபி ஊற்றிக்கொண்டு வந்தேன். உனக்கு வழக்கமான டம்ளர்.

நீ ஒன்றும் சொல்லவில்லை. அவன் குடித்தான், நல்லா இருக்குதுங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் நீயே ஜன்னல் திட்டுக்குப் போய் அந்த நசுங்கின டம்ளரை எடுத்து வந்து நீட்டினாய். வேலை கிடைத்துப் புனே போகிற வரைக்கும், இரண்டு வருஷத்துக்கு மேல், அதில்தான் குடித்தாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயம். அதற்கப்புறம் நீ ஒருத்தரையும் வீட்டுக்குக் கூட்டி வரவில்லை. பையன் கூச்ச சுபாவம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

மாமியார் காலத்துப் பழக்கம், யாரும் சொல்லித் திருத்தவில்லை என்று எனக்கு நானே பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒட்டவில்லை. இந்த ஊருக்குப் பேர் கொடுத்த இரத்தினசபாபதி முதலியார்தான் சிறுவாணித் தண்ணீருக்குப் பாடுபட்டவர் என்று அப்பாரு அடிக்கடி சொல்வார். அந்த ருசியைத்தான் நாம் ஊரெல்லாம் போய்ப் பெருமை பேசுகிறோம். தண்ணீர் எல்லா வீட்டுக்கும் ஒரே குழாயில்தான் வந்தது. டம்ளரைப் பிரித்து வைத்தது நான்.

அதற்காக நீ செய்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. ரூம் போட்டாச்சு என்று அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓட்டலில் தங்கிக்கொண்டு அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதா? எதிர்வீட்டு அக்கா கேட்டால் நான் என்ன சொல்ல? போன தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை, கேட்டால் லீவு இல்லை. இதை எழுதக்கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் மாடி ரூமுக்கு வெள்ளையடித்திருக்கிறார். நேற்று ஃபேனைக் கழற்றித் துடைத்து மாட்டினார், ஏணியில் ஏறாதீர்கள் என்றால் கேட்டால்தானே. அங்கே படுத்தால் காலையில் மருதமலை தெரியும், அதையும் உன் லிஸ்ட்டில் சேர்த்துக்கொள். ரூமை ரத்து செய் என்று சொல்லவில்லை. பணம் கட்டியிருப்பாய்.

அந்த டம்ளர் பரணில் இருக்கிறது. பழைய பாத்திரக்காரனிடம் போட இரண்டு தடவை எடுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டேன். வேலைக்கு வருகிற அக்கா இப்போது என்னோடு உட்கார்ந்துதான் குடிக்கிறாள், எல்லோருக்கும் ஒரே டம்ளர்தான். ஆனால் அது நீ போனதற்கு அப்புறம், ரொம்பத் தாமதமாக. உன் சிநேகிதனோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருப்பாய் என்று நினைக்கிறேன். அவனிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கேட் கொண்டி மாற்றியிருக்கிறோம், தூக்கித் தள்ள வேண்டும். சந்தைக்குப் போகிற வழியில் ஆறு மணிக்கு முன்னால் வந்தாலும் நான் எழுந்திருப்பேன். அந்தப் பெண்ணிடம் ஊரும் கேட்கமாட்டேன், கோயிலும் கேட்கமாட்டேன். காபிக்கு எவ்வளவு சர்க்கரை என்று மட்டும் முன்னாலேயே எழுதி அனுப்பு. அக்காவுக்கு இல்லை, எனக்கு.

அம்மா