கேட்டது 12 ஜிபி கார்டு, வந்தது 8 ஜிபி

அனுப்புநர்: ஏற்காடு, சேலம் மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
நாள்: 18.11.2024

பொருள்: கேமிங் கம்ப்யூட்டரில் ஆர்டரில் இல்லாத பாகங்களைப் போட்டு அனுப்பியது, மாற்றித் தரக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

அக்டோபர் முதல் வாரத்தில் உங்கள் தளத்தில் ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்து, அசெம்பிள் செய்து தரச் சொல்லி, 71,400 ரூபாய் கட்டி ஆர்டர் போட்டோம். பெட்டி 22-ஆம் தேதி சேலத்துக்கு வந்தது. உள்ளே நாங்கள் கேட்ட மூன்று பாகங்கள் இல்லை. அவற்றின் இடத்தில் அவற்றைவிடக் குறைந்த வேறு மூன்று இருந்தன. நான்கு முறை போனில் பேசிவிட்டேன், இரண்டு மெயில் அனுப்பிவிட்டேன். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அதனால் நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் என் தம்பிக்கு. சேலத்தில் காலேஜ் முதல் வருடம் படிக்கிறான். இரண்டு வருடம் கட்டிய ஏலச்சீட்டை எடுத்துத்தான் இதை வாங்கினேன். அவ்வளவு பணத்தை சும்மா தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஜூன் மாதத்திலிருந்து தினமும் ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் 'இது ஏன்?' என்று கேட்டேன். அவன் சொன்ன காரணங்கள் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கின்றன.

பிராசசருக்கு ரைசன் 5 5600 எடுத்தோம். ஆறு கோர், 65 வாட். பிராசசரைப் பொருத்தும் புது ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போனால் போர்டும் புது வகை டிடிஆர்5 ரேமும் சேர்ந்து செலவு ஏறும். கேமுக்கு வாங்கும் கம்ப்யூட்டரில் காசு போட வேண்டிய இடம் திரையில் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டுதான் என்பதால், அங்கே மிச்சம் பிடித்ததை இங்கே போட்டோம். பிராசசரும் பி550 மதர்போர்டும் எஸ்எஸ்டியும் கேபினட்டும் கேட்டபடியே வந்திருக்கின்றன. அவற்றில் எனக்குக் குறை இல்லை.

குறை கிராபிக்ஸ் கார்டில் தொடங்குகிறது. நாங்கள் கேட்டது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, கார்டுக்குள்ளேயே 12 ஜிபி மெமரி உள்ளது. நீங்கள் வைத்தது அதே பெயரில் வரும் 8 ஜிபி கார்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. 12 ஜிபி கார்டில் மெமரி பாதை 192 பிட், நொடிக்கு 360 ஜிபி போகும். 8 ஜிபி கார்டில் பாதை 128 பிட், நொடிக்கு 240 ஜிபிதான். மூன்றில் ஒரு பங்கு குறைவு. இப்போது வரும் பெரிய கேம்களில் டெக்ஸ்சரை, அதாவது பொருட்களின் மேல் தெரியும் படங்களின் தரத்தை, உயர்த்தி வைத்தால் 8 ஜிபி நிறைந்துவிடுகிறது. நிறைந்ததும் மீதி டேட்டா மதர்போர்டில் உள்ள ரேமுக்குப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். அந்த இடத்தில் படம் விக்கி விக்கி நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் நாங்கள் 12 ஜிபி கேட்டோம். உங்கள் தளத்தில் நாங்கள் டிக் செய்த பக்கத்தில் 12 ஜிபி என்று இருக்கிறது, அதன் படத்தை இணைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய பில்லில் 'ஆர்டிஎக்ஸ் 3060' என்று மட்டும் இருக்கிறது. ஜிபி எவ்வளவு என்று போடவே இல்லை.

முதல் வாரமே படம் விக்குகிறது என்று தம்பி சொன்னான். கார்டை இயக்கும் டிரைவர் சாப்ட்வேர் சரியில்லையோ என்று அதை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தபோதுதான் வீடியோ மெமரி 8.0 ஜிபி என்று காட்டியது. அதே இடத்தில் ரேமையும் பார்த்தோம். நான்கு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருந்தது. நாங்கள் கேட்டது 8 ஜிபி குச்சிகள் இரண்டு. வந்தது 16 ஜிபி குச்சி ஒன்று. மொத்தக் கணக்கு சரிதானே என்றார் உங்கள் ஆள். இரண்டு குச்சி போட்டால் பிராசசர் இரண்டு சேனலில் ரேமோடு பேசும், ஒன்று போட்டால் ஒரு சேனல்தான். கேமில் அது நன்றாகவே தெரியும்.

இதற்குள் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. கேம் கனமாக ஓடும்போது கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். போன் செய்தால் விண்டோஸை மறுபடி போடச் சொன்னார்கள். போட்டோம். அடுத்த முறை பேசியவர் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு டிஸ்பிளே வருகிறதா பாருங்கள் என்றார். ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டைக் கழற்றினால் திரையில் எதுவுமே வராது என்று தம்பிதான் அவருக்குச் சொன்னான். மூன்றாவது முறை, "ஏற்காட்டுல வோல்டேஜ் சரியா இருக்காது மேடம், அதுதான் காரணம்" என்று முடித்துவிட்டார்கள்.

இங்கே மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் என்பது உண்மைதான். அதற்காகவே யூபிஎஸ் வைத்திருக்கிறோம். அதற்காகவே, உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் யோசித்துக் கேட்டோம். இருந்தாலும் உங்கள் பேச்சையும் சோதித்துவிடுவோம் என்று, 10-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் மாமா வீட்டுக்கு இறக்கினோம். மலைப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. அந்த ஆட்டத்தில் கார்டின் கனம் ஸ்லாட்டை உடைத்துவிடக் கூடாது என்று, கிளம்பும் முன் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து தம்பி கார்டைக் கழற்றி தனியாகத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான். அப்போதுதான் டார்ச் அடித்து எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைப் பார்த்தோம். நாங்கள் கேட்டது 650 வாட், கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ளது. உள்ளே இருந்தது 450 வாட், அதில் எந்தச் சான்றும் இல்லை. இந்தக் கார்டுக்குக் குறைந்தது 550 வாட் சப்ளை வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. அஸ்தம்பட்டியிலும் கேம் போட்ட இருபதாவது நிமிடம் கம்ப்யூட்டர் அணைந்தது. மாமா வீட்டில் டியூப் லைட் கூட சிமிட்டவில்லை.

மூன்றில் எனக்கு மிகவும் கோபம் இதில்தான். கார்டு குறைந்தால் கேம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். தரமில்லாத எஸ்எம்பிஎஸ் போனால் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். வெளியில் தெரியாத பாகம் என்பதால் இதில் கை வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். பாகங்களின் பெட்டிகளையும் நீங்கள் அனுப்பவில்லை. சீரியல் நம்பர் உள்ள பெட்டியும் பில்லும் இல்லாமல் நாளை வாரண்டிக்கு நாங்கள் எங்கே போய் நிற்பது?

5-ஆம் தேதி வந்த உங்கள் ஒரே மெயிலில் 'ஸ்டாக் இல்லாததால் சமமான பாகங்கள் வைக்கப்பட்டன' என்று இருக்கிறது. சமம் இல்லை என்பதை மேலே எழுதிவிட்டேன். சமமாகவே இருந்தாலும் எங்களைக் கேட்டிருக்க வேண்டும். கார்டு வர இருபது நாள் ஆகும் என்று ஒரு போன் செய்திருந்தால் காத்திருந்திருப்போம். நான்கு மாதம் யோசித்தவர்களுக்கு இருபது நாள் பெரிதில்லை. கேபினட்டைத் திறந்ததால் வாரண்டி போய்விட்டது என்று 12-ஆம் தேதி போனில் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. நாங்கள் எந்த சீலையும் உடைக்கவில்லை, கேபினட்டில் சீல் எதுவும் இல்லை. திறக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். ஆர்டரில் உள்ளபடி 12 ஜிபி கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ், இரண்டு ரேம் குச்சிகள் ஆகியவற்றை உங்கள் செலவில் மாற்றித் தாருங்கள். எல்லாப் பாகங்களின் பெட்டிகளும், சீரியல் நம்பர் போட்ட பில்லும் வேண்டும். முடியாது என்றால் கம்ப்யூட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள். விலை வித்தியாசத்தை மட்டும் கழித்துத் தருகிறோம் என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்தில் குறைதீர்ப்பு அதிகாரி அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் மெயில் அக்டோபர் 28-ஆம் தேதி. அந்த ஒரு மாதம் இந்த 28-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.

கம்ப்யூட்டர் இப்போது அஸ்தம்பட்டியில்தான் இருக்கிறது, 10-ஆம் தேதிக்குப் பிறகு ஆன் செய்யவில்லை. பாகங்களை எடுக்க ஆள் அனுப்பும் நாளை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தம்பி காலேஜ் விட்டு வந்து நான்கு மணிக்கு மேல் கொடுப்பான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்டர் பக்கத்தின் படம், பில் நகல், எஸ்எம்பிஎஸ் லேபிள் போட்டோ, டாஸ்க் மேனேஜர் படங்கள் இரண்டு, கேபினட்டைத் திறந்தபோது எடுத்த வீடியோ.