மணல் சுடுகிறது, நாயின் காலில் செருப்பில்லை

ஆசிரியருக்கு,

அக்னி நட்சத்திரத்தில் முதியவர்களும் குழந்தைகளும் பகல் வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்ற செய்தியைப் படித்தேன். சரி, நாய்களுக்கும் அதில் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். அவற்றுக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகின்றன, உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து, பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இன்னும் சீக்கிரம் தவித்துப்போகும். ஆனாலும் கடலில் நனைத்தால் குளிர்ந்துவிடும் என்று மாலை நான்கு மணிக்கே பெசன்ட் நகர் கடற்கரைக்கு இழுத்து வருகிறார்கள்.

நானும் அப்படி நினைத்தவன்தான். போன மே மாதம் எங்கள் லாப்ரடாரை அலையில் விளையாட விட்டேன். தாகத்தில் அது கடல் தண்ணீரையே நக்கிக் குடித்தது, திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே இரண்டு முறை வாந்தி (ஆட்டோக்காரர் திட்டியது தனிக்கதை), உள்ளங்காலும் கொப்பளித்திருந்தது. இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்குத்தான் போகிறோம், கையில் இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு கிண்ணமும். மாநகராட்சி கடற்கரைக்குள் நுழையும் இடங்களில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாயும் அதன் கீழே சிமென்ட் தொட்டியும் வைத்தால், வீட்டு நாய் மட்டுமல்ல, அங்கேயே படுத்துக் கிடக்கும் தெருநாய்களும் குடிக்கும்.

- ஒரு வாசகர், திருவான்மியூர்