5ஜி காட்டுகிறது, பேச முடியவில்லை: மேல்முறையீட்டு அலுவலருக்குப் புகார் கடிதம்

அனுப்புநர்
உங்கள் ப்ரீபெய்டு வாடிக்கையாளர்,
தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
மேல்முறையீட்டு அலுவலர்,
தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டம்.

பொருள்: தீராத புகாரைத் தீர்ந்ததாக முடித்தது, எங்கள் ஊரில் குரல் அழைப்பு கிடைக்காதது, என் மாமியாரின் எண்ணுக்குப் பேச்சு மட்டும் உள்ள ரீசார்ஜைத் தர மறுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

உங்கள் புகார் எண்ணான 198க்குப் போன் செய்து நான் கொடுத்த புகாரை "தீர்வு காணப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பி முடித்துவிட்டீர்கள். எதுவும் தீரவில்லை. ஊருக்கு யாரும் வந்து பார்க்கவும் இல்லை. உங்கள் தரப்பில் ஒருவர் மட்டும் பேசினார். "உங்கள் போன் கர்நாடகத் தொலைத்தொடர்பு வட்டத்து டவரைப் பிடிக்கிறது, அது எங்கள் பொறுப்பில் வராது" என்றார். அப்புறம், "எங்கள் வரைபடத்தில் உங்கள் ஊரில் 5ஜி இருக்கிறது" என்றார். இந்த இரண்டு பதிலையும் நான் ஏற்கவில்லை. புகார் முடிந்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று விதி இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையில் இருந்து அஞ்செட்டி போகிற பக்கம், காட்டை ஒட்டி இருக்கிறது. வாசலில் நின்றால் போனில் 5ஜி என்று எழுத்து வரும். சில நேரம் வீடியோகூட திக்கித் திக்கி ஓடும். ஆனால் யாராவது கூப்பிட்டால் இங்கே மணி அடிக்காது. அவர்களுக்கு "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று வரும். நாங்கள் கூப்பிட்டால் பேச ஆரம்பித்த உடனே குரல் அறுந்துபோகும். வீட்டுக்குள் நுழைந்தால் அதுவும் இல்லை, கொல்லையில், அதாவது எங்கள் விளைநிலத்தில், சுத்தமாக இல்லை. மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும்.

போனில் வரும் அந்த எழுத்தை வைத்து என்னிடம் வாதாட வேண்டாம். உங்கள் நிறுவனம் எங்கள் பக்கம் ஓட்டுவது 4ஜியைச் சார்ந்து இயங்கும் 5ஜி. தனித்து இயங்கும் வகை வேறு. சார்ந்து இயங்கும் வகையில் போன் முதலில் 4ஜியைத்தான் பிடிக்கிறது. அந்த 4ஜி டவர் "இங்கே 5ஜியும் உண்டு" என்று அறிவித்தாலே போதும், உண்மையில் 5ஜி அலை வந்து சேராத இடத்திலும் அந்த எழுத்து வந்துவிடும். பேசுவது முழுக்க 4ஜி வழியாக, வோல்ட்இ என்கிற 4ஜி குரல் அழைப்பு முறையில்தான் போகிறது. 4ஜி பலவீனமாக இருந்தால் போன் 2ஜிக்கு இறங்க வேண்டும். முன்பெல்லாம் நடுவில் 3ஜி இருந்து தாங்கியது. அதை மூடிவிட்டீர்கள். 2ஜிக்கு ஒதுக்கியிருந்த அலைவரிசையையும் குறைத்துவிட்டீர்கள். போன் இறங்க இடம் இல்லாமல் மாநில எல்லையில் கர்நாடக டவருக்கும் நம் டவருக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் வரும் அழைப்புதான் எனக்கு வந்து சேராமல் போகிறது. இதை நீங்கள் "வாடிக்கையாளர் வேறு வட்டத்தில் இருக்கிறார்" என்று எழுதி முடிக்கிறீர்கள். நான் இருப்பது என் வீட்டில். கர்நாடக டவர் எங்கள் வீடு வரை எட்டுகிறது, தமிழ்நாட்டு டவர் எட்டவில்லை என்றால் அது உங்கள் குறைதான். எல்லைக்கு இரண்டு பக்கமும் இருப்பது ஒரே நிறுவனம்தானே?

அலைவரிசை பற்றியும் ஒரு கேள்வி கேட்கிறேன். முன்பு ஒருமுறை டவர் வேலைக்கு வந்த ஒரு தம்பி, எங்கள் டவரில் 4ஜி 1800, 2300 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது, 900இல் 4ஜி இன்னும் இங்கே போடவில்லை என்றார். 5ஜிக்குப் போட்டது 3300. காடும் மேடும் பள்ளமுமான ஊரில் எது தேவை என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த அலைவரிசை தூரம் போகும், சுவரைத் தாண்டும், மரங்களுக்கு நடுவிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். 2300, 3300 நிறைய டேட்டாவைச் சுமக்கும், ஆனால் இலையும் சரிவும் குறுக்கே வந்தால் சீக்கிரம் மங்கிவிடும். ஓசூர் நகரத்தில் ஆயிரம் பேர் ஒரே தெருவில் வீடியோ பார்க்கிறார்கள், அங்கே 3300 சரி. இங்கே வீடுகள் கொல்லைக்குக் கொல்லை தள்ளித் தள்ளி இருக்கின்றன. அந்தத் தம்பி சொன்னது உண்மையா, எங்கள் டவரில் எந்தெந்த அலைவரிசை இருக்கிறது என்று எழுத்தில் பதில் வேண்டும்.

பேச்சு கிடைக்காததை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ராகி கதிர் முற்றும் காலத்தில் பன்னார்கட்டா காட்டில் இருந்து யானைக் கூட்டம் இறங்கும். ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்கம், சானமாவு என்று இந்தப் பகுதி முழுக்க குளிர்காலத்தில் இதுதான் பேச்சு. ராத்திரியில் ஆண்கள் கொல்லையில் பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். யானை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு ஊர்க்காரர் அடுத்த ஊருக்குப் போன் செய்து சொல்வார். வனத்துறை ஆட்கள் உள்ள வாட்ஸ்அப் குழுவிலும் போடுவார்கள். ஆனால் தூக்கக் கலக்கத்தில் பரணில் இருப்பவர் குழுவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். மணி அடித்தால்தான் எழுந்திருப்பார்.

இந்தப் பருவத்தில் ஒரு ராத்திரி, கூட்டம் சாலையைக் கடந்து எங்கள் பக்கம் திரும்பியதைப் பக்கத்து ஊர் அண்ணன் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரருக்கு விடாமல் கூப்பிட்டிருக்கிறார். ஒரு அழைப்பும் போய்ச் சேரவில்லை. எனக்கும் கூப்பிட்டிருக்கிறார், அதுவும் வரவில்லை. கிளை ஒடியும் சத்தம் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் பரணில் இருந்து இறங்கி ஓடி வந்தார். வழி தெரிந்தவர், அதனால் பிழைத்தார். தவறிப்போன அழைப்புகள் பற்றிய குறுஞ்செய்திகள் எல்லாம் விடிந்த பிறகு வரிசையாக வந்தன. ராகி போனதற்கு உங்களிடம் நான் நஷ்ட ஈடு கேட்கவில்லை. அதற்கு வனத்துறையிடம் மனு கொடுத்தாகிவிட்டது. அந்த அழைப்பு வராததற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

மற்றதெல்லாம் அன்றாடம் நடப்பது. மகள் ஓசூரில் ஷிப்டு வேலைக்குப் போகிறாள். இரவு ஷிப்டு முடிந்து பஸ் ஏறினாளா என்று தெரிந்துகொள்ள நான் சிக்னல் கிடைக்கும் மேட்டு வளைவு வரை நடந்து போய் நிற்கிறேன். வங்கி ஓடிபி நேரம் கடந்த பிறகு வருகிறது. காஸ் பதிவு செய்யவும் அதே மேடுதான்.

நான் தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்டிடி பூத் நடத்தியவள். பூத் காலம் முடிந்ததும் அதே இடத்தில் சிம் கார்டும் ரீசார்ஜ் கூப்பனும் விற்றேன். அதனால் தொழில்நுட்பம் மாறும்போதெல்லாம் என்ன நடக்கிறது என்பதை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 2003 வாக்கில் ஜிஎஸ்எம்மா சிடிஎம்ஏவா என்று இரண்டு செல்போன் தொழில்நுட்பங்களுக்குள் ஒரே போட்டி. ஜிஎஸ்எம் கம்பெனிகள் 900, 1800இல் ஓட்டின. சிடிஎம்ஏ கம்பெனிகள் 800இல் ஓட்டின. சிடிஎம்ஏ கம்பெனிகள் லேண்ட்லைன் உரிமத்தின் கீழ் "வரையறுக்கப்பட்ட நடமாட்டம்", அதாவது குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் பேசும் போன், என்று சொல்லிக் குறைந்த செலவில் உள்ளே வந்துவிட்டன என்று ஜிஎஸ்எம் கம்பெனிகள் வழக்குக்குப் போயின. 2003 நவம்பரில் அரசு ஒருங்கிணைந்த உரிமத்தைக் கொண்டுவந்து அந்தச் சண்டையை முடித்தது. டெல்லியில் அப்படி முடிந்தது. இங்கே என்ன ஆனது? சிடிஎம்ஏ போன்கள் பலவற்றில் சிம்மே கிடையாது, கம்பெனியை விட்டால் போனும் வீண். 800இல் ஓடியதால் காட்டோர ஊர்களில் அந்தப் போன் நன்றாகவே எடுத்தது, சனங்கள் நம்பி வாங்கினார்கள். பிறகு கம்பெனிகள் அந்தத் தொழில்நுட்பத்தையே கைவிட்டன. கூலிக் காசில் வாங்கிய போனைக் கொண்டுவந்து "அக்கா, இதில் வேறு சிம் போட முடியாதா?" என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அலைவரிசையில் குறை இல்லை. அதே 800 பகுதியில் இன்று 4ஜி ஓட்டுகிறார்கள்.

3ஜியும் அப்படித்தான். 2010 ஏல விலையில் தனியார், அரசு கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து 67,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து 3ஜி அலைக்கற்றையை எடுத்தன. 3ஜி போன் வாங்குங்கள் என்று எங்களைப் போன்ற கடைக்காரர்களை வைத்தே விற்றீர்கள். பத்து வருடம் கழித்து மூடிவிட்டீர்கள். 2022 ஏலத்தில் ஒன்றரை லட்சம் கோடி. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் கட்டணத்தை உயர்த்தின. ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையில் 2ஜி, 3ஜி, 4ஜி என்று எந்தத் தலைமுறையை ஓட்டுவது என்பது கம்பெனியின் விருப்பம் என்று விதி இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. புதியது வரட்டும். ஆனால் பழையதை எடுக்கும் முன், அது எட்டிய இடமெல்லாம் புதியது எட்டுகிறதா என்று ஊர் ஊராகப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டாமா? எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த சேவைத் தர விதிப்படி, எந்த ஊரில் எந்தத் தலைமுறை சேவை இருக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். போட்டிருக்கிறீர்கள். அதில் எங்கள் ஊருக்கு 5ஜி நிறம் அடித்திருக்கிறீர்கள். அது தவறு, திருத்துங்கள். ஒரு மாவட்டத்தில் சேவை ஒரு நாளுக்கு மேல் நின்றால் ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டியை நீட்ட வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. எங்கள் ஒரு டவர் எத்தனை நாள் படுத்தாலும் மாவட்டம் படுத்ததாகக் கணக்கில் வராது. டிராயிடமும் இதை எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது, விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும் இந்த டவரை நம்பி இருக்கும் எண்களுக்கு அந்த நீட்டிப்பைக் கொடுங்கள் என்பதுதான்.

மாமியார் விஷயம். அவரிடம் இருப்பது பட்டன் போன். நெட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை. இணையம் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜ் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. உங்கள் நிறுவனத்திலும் அந்தத் திட்டம் இருக்கிறது. ஆனால் தேன்கனிக்கோட்டையில் உள்ள உங்கள் கடையில் கேட்டால் "அப்படி ஒன்று இல்லைம்மா, டேட்டாவோடு போடுங்கள், இல்லாவிட்டால் போனை மாற்றுங்கள்" என்கிறார்கள். வயதானவர்களிடம் இப்படிச் சொல்லி வாங்கும் காசு நியாயமான காசு இல்லை. கடைக்காரரைக் குறை சொல்லி முடித்துவிடாதீர்கள். கமிஷன் எதற்கு அதிகம் என்று நிர்ணயிப்பது நீங்கள், அந்த மேஜையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றும் உங்கள் ஆள் சொன்னார். 1900க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் எண் மாறாமல் மாறலாம், தெரியும். ஆனால் வருடம் முழுவதற்கும் சேர்த்து ரீசார்ஜ் செய்திருக்கிறேன், மாறினால் மீதிப் பணம் போய்விடும். சேவை தராதது நீங்கள், பணத்தை நான் ஏன் இழக்க வேண்டும்?

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். முதலில் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து, வாசலிலும் வீட்டுக்குள்ளும் கொல்லையிலும் அழைப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ராத்திரியில் மின்சாரம் இல்லாதபோது என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் டவரில் 900இல் 4ஜி போடுங்கள், பேட்டரியை மாற்றுங்கள். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை இங்கே சிக்னல் உள்ள வேறு கம்பெனி டவரில் உங்கள் வாடிக்கையாளர்கள் பேச ஏற்பாடு செய்யுங்கள். அரசு நிதியில் போட்ட 4ஜி டவர்களில் ஒரு கம்பெனி வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனி டவரைப் பயன்படுத்தும் வசதியை 2025 ஜனவரியில் மத்திய அரசே தொடங்கி வைத்தது. எனவே முடியாத காரியம் இல்லை. எதுவுமே செய்ய மாட்டீர்கள் என்றால் என் வருட ரீசார்ஜில் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மாமியாரின் எண்ணைப் பேச்சு மட்டும் உள்ள திட்டத்துக்கு மாற்றுங்கள்.

மேல்முறையீட்டை 39 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் முடிவு வராவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பு சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் இதே குறை உள்ள மற்றவர்களும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள்.

பதிலைத் தபாலில், தமிழில் அனுப்புங்கள். போனில் கூப்பிட்டுவிட்டு "வாடிக்கையாளர் எடுக்கவில்லை" என்று எழுதி இந்தப் புகாரையும் முடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தேன்கனிக்கோட்டை வட்டம்.

இணைப்பு: புகார் எண் வந்த குறுஞ்செய்தியின் நகல், அந்த ராத்திரி தவறிய அழைப்புகளின் படம், வருட ரீசார்ஜ் ரசீது.