பழைய கார்டு வேறு, அரிய கார்டு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பபிள்கம், சிகரெட் பெட்டிகளோடு வந்த பழைய விளையாட்டு வீரர் படக் கார்டுகள் வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகின்றன என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வந்ததிலிருந்து சிம்மக்கல் பழைய புத்தகக் கடைகளில் "பபிள்கம் கார்டு இருக்கா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். விற்பவர்களும் சும்மா இருப்பார்களா? பழசு என்றாலே அரிது என்று விலை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கட்டுரை சொல்லாமல் விட்ட சிலவற்றைச் சொல்லவே இந்தக் கடிதம்.

கட்டுரையில் வந்த 100 கோடி ரூபாய்க் கார்டிலிருந்தே தொடங்கலாம். அது 1952-ல் டாப்ஸ் என்ற அமெரிக்க பபிள்கம் கம்பெனி வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு. 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. எழுபது வருடப் பழசு, அதனால் அரிது என்று கட்டுரை முடித்துவிட்டது. நடந்தது வேறு. அந்த ஆண்டு செட்டில் மொத்தம் 407 கார்டு. பகுதி பகுதியாக அச்சிட்டுக் கடைக்கு அனுப்பினார்கள். 311 முதல் 407 வரையுள்ள கடைசிப் பகுதி வந்தபோது பேஸ்பால் சீசனே முடியும் நேரம். சரக்கு தேங்கியது. பல வருடம் குடோனில் கிடந்த பெட்டிகளை 1960-ல் டாப்ஸின் சை பெர்கர் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். அதனால்தான் அந்தக் கடைசிப் பகுதிக்குத் தட்டுப்பாடு.

ஆனால் மேன்டில் கார்டு அந்தப் பகுதியிலேயே அதிகம் அச்சான மூன்றில் ஒன்று! கணக்கு எளிது. ஷீட்டில் 100 கட்டம், பகுதியில் 97 கார்டு. மிச்சமிருந்த மூன்று கட்டத்தில் 311, 312, 313 ஆகிய எண்களை இரண்டாவது முறை வைத்துவிட்டார்கள். 311 மேன்டில், 312 ஜாக்கி ராபின்சன், 313 பாபி தாம்சன். பெயர் தெரியாத 390-ஆம் எண் கார்டு மேன்டிலைவிட உண்மையிலேயே அரிது. ஆனால் அதற்கு யாரும் கோடி கொடுப்பதில்லை. மேன்டிலின் விலைக்குப் பின்னால் இருப்பவை அவர் பெயரும், அந்த ஒரு பிரதியின் நிலையும்தான். கார்டின் நிலையைப் பார்த்து எண் போடும் எஸ்.ஜி.சி. என்ற தர நிறுவனம் அதற்கு 10-க்கு 9.5 கொடுத்திருந்தது.

அதே செட்டின் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. சுமாரான நிலையில் எங்கும் கிடைக்கும். குறையில்லாத நிலையில் கிடைப்பது அபூர்வம். பையன்கள் எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவார்கள். 1-ஆம் எண் எப்போதும் மேலே. ரப்பர் அறுத்ததும், மேசையில் உரசியதும், கைவியர்வை பட்டதும் எல்லாம் அந்தக் கார்டில்தான். கடைசி எண் 407-க்கும் இதே கதி.

அச்சிலேயே குறைந்துபோனவை தனி வகை. அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிக்குள் வைத்த டி206 வரிசையில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு பாதியில் நிறுத்தப்பட்டது. இன்று அறுபதை ஒட்டித்தான் தெரிய வந்திருக்கின்றன. சிகரெட்டோடு தன் படம் சிறுவர் கைக்குப் போகக்கூடாது என்றார் என்பார்கள் சிலர். பணம் தராததால் மறுத்தார் என்பார்கள் வேறு சிலர். (அவரே புகையிலை மென்றவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) 1933-ல் கௌடி என்ற பபிள்கம் கம்பெனி தன் வரிசையில் 106-ஆம் எண்ணை வெளியிடவே இல்லை. செட் முழுமையாகாமல் பையன்கள் மேலும் மேலும் வாங்கட்டும் என்ற கணக்கு என்பார்கள். கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் 1934-ல் நாப் லாஜ்வே என்ற பேஸ்பால் வீரரின் படத்தோடு அனுப்பினார்கள்.

நம் ஊருக்கு அதிகம் பொருந்துவது, அச்சான பிறகு அழிந்த வகை. பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் கார்டுகளை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரன், விக்கெட் என்று எண் போட்டிருக்கும். குறிப்பிட்ட அளவு சேர்த்துக் கொடுத்தால் பரிசு. கொடுத்த கார்டு திரும்பி வராது. ஆக, எண் பெரிதாக இருந்த கார்டுகளே முதலில் காணாமல் போயின. ஸ்வீடனில் 1958 கால்பந்து உலகக் கோப்பையை ஒட்டி வந்த பெலே படங்கள் ஆல்பத்தில் ஒட்டுவதற்கென்றே வந்தவை. பின்பக்கம் பசை படாத பிரதிக்கு அதனால்தான் தனி மதிப்பு.

இதற்கு நேர் எதிர் இங்கிலாந்தின் ஜான் பிளேயர் சிகரெட் கார்டுகள். 1930, 1934, 1938-ல் 50 கார்டு கொண்ட கிரிக்கெட் செட்டுகள் வந்தன. பழைய பங்களாக்களின் டிரங்குப் பெட்டியிலிருந்து இவை இப்போதும் வெளிவருகின்றன. வயது தொண்ணூறை ஒட்டி ஆகிறது. ஆனால் இவை லட்சக்கணக்கில் அச்சாகி, பெரியவர்களால் பத்திரமாகச் சேர்த்து வைக்கப்பட்டவை. 1938 செட் முழுவதும் நல்ல நிலையில் இருந்தாலும் ஒரு நல்ல பட்டுச்சேலை விலைக்குப் போகாது. இதைத்தான் இங்கே "பிராட்மேன் ஒரிஜினல்" என்று ஒற்றைக் கார்டாகப் பிரித்துப் பல ஆயிரத்துக்குத் தள்ளப் பார்க்கிறார்கள். 1938 செட்டின் பின்பக்கத்தில் பசை உண்டு. நம் ஐப்பசி ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும் அவசரத்தில் பாதி படம் கிழிந்துவிடும்.

இனி தர எண். பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கத் தர நிறுவனம் 1991 முதல் கார்டுகளைத் தரம் பிரிக்கிறது. 1 முதல் 10 வரை எண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து ஒட்டி மூடித் தருவார்கள். சேகரிப்பவர்கள் இதை ஸ்லாப் என்பார்கள் (நமக்கு ஸ்லாப் என்றால் பரண்தான் ஞாபகம் வரும்). பார்ப்பது நான்கு விஷயம்: மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பது. கடைசியாகச் சொன்னதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 10 வாங்க முன்பக்க வெள்ளை ஓரம் இடம் வலம் 55-க்கு 45 என்ற விகிதத்துக்குள் வர வேண்டும். இரண்டு ஓரமும் சேர்ந்து 5 மில்லிமீட்டர் என்றால் ஒன்று 2.25, இன்னொன்று 2.75. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். 2-க்கு 3 என்று இருந்தால் அது 60-க்கு 40. கார்டு கண்ணாடிபோல் இருந்தாலும் 10 வராது.

இந்த அரை மில்லிமீட்டரைச் சிவகாசிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஷீட்டைக் கனமாக அடுக்கிக் கட்டிங் மெஷினில் விட்டால் மேல்தாளும் அடித்தாளும் ஒரே அளவில் விழாது. கத்தி மழுங்கினால் ஓரத்தில் பிசிறு. ஒரு கலர் பிளேட் நகர்ந்தால் ரிஜிஸ்டர் அவுட். முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் முகம். கனடாவின் ஓ-பீ-சீ கம்பெனி கத்திக்குப் பதில் கம்பியால் வெட்டியது. அதனால் 1979-80 வெய்ன் கிரெட்ஸ்கி ஐஸ் ஹாக்கி கார்டுகள் ஓரம் பிசிறாகவே பிறந்தன. ஓரம் நீல நிறம் வேறு. கொஞ்சம் உதிர்ந்தாலும் வெள்ளை தெரியும். பி.எஸ்.ஏ. 10 வாங்கியவை இரண்டே இரண்டு. 1971 டாப்ஸ் கறுப்பு ஓரக் கார்டுகளுக்கும் இதே தலைவிதி. வேடிக்கையான ஒன்று: 1914 கிராக்கர் ஜாக் கார்டுகள் பாகு தடவிய சோளப்பொரிக்குள்ளேயே கிடந்ததால் கறை படிந்தவை. 1915-ல் கூப்பன் அனுப்பினால் முழு செட்டும் தபாலில் வந்தது. ஒரு வருட இடைவெளியில் வந்தவைதான், ஆனால் சுத்தமான 1914 கிடைப்பது 1915-ஐவிடப் பல மடங்கு கடினம்.

எந்தக் கார்டு எந்தத் தரத்தில் எத்தனை என்று தர நிறுவனங்கள் பட்டியல் வெளியிடுகின்றன. வாங்கும் முன் அதைப் பார்க்க வேண்டும். ஆனால் அப்படியே நம்பக்கூடாது. உயர்ந்த எண்ணுக்கு ஆசைப்பட்டு ஸ்லாபை உடைத்து மறுபடி அனுப்புகிறவர்கள் உண்டு. ஒரே கார்டு இரண்டு மூன்றாகக் கணக்கில் ஏறும். மறுபக்கம், "உலகிலேயே ஒன்றுதான்" என்று இந்தியக் கார்டுகளை விற்கிறார்கள். வேறு யாரும் அனுப்பவில்லை என்பதுதான் அதன் பொருள். பத்து ரூபாய்க் கார்டை நாளை நான் அனுப்பினாலும் பட்டியலில் "ஒன்று" என்றுதான் வரும். நிறைய இருந்தும் விலை ஏறிய கதையும் உண்டு. 1986 ஃப்ளீர் மைக்கேல் ஜோர்டான் கார்டில் 10 வாங்கியவையே 300-க்கு மேல். 2021 ஜனவரியில் 7,38,000 டாலர் போனது. அந்த ஆண்டிலேயே பாதிக்கும் கீழே விழுந்தது.

போலியைப் பிடிக்க மூன்று சாமான் போதும். கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் மாட்டும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று. பழைய கார்டில் பெயரும் கறுப்புக் கோடும் ஒரே மையில் கெட்டியாக விழுந்திருக்கும். ஸ்கேன் செய்து அச்சிட்ட நகலில் எழுத்தே புள்ளி புள்ளியாகச் சிதறும். அடுத்தது கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1909 கார்டு என்று சொல்வது இருட்டில் நீலமாக ஒளிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒளிராததால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. மூன்றாவது வெர்னியர் காலிபர். டாப்ஸ் 1957 முதல் 63.5-க்கு 88.9 மில்லிமீட்டர், 1952 கார்டு அதைவிடப் பெரிது, 66.7-க்கு 95.2. மழுங்கிய ஓரத்தைச் சீவிப் புதிதாக்கினால் அளவு குறையும். அந்தக் காலத்து வெட்டிலேயே கொஞ்சம் கூடக் குறைய இருப்பதால், அதே செட்டின் மலிவான கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே சரியான வழி.

ஸ்லாபுக்குள் இருந்தால் கவலையில்லை என்பதும் முழு உண்மையல்ல. பி.எஸ்.ஏ. 8 என்று எண் பெற்ற மிகப் பிரபலமான வாக்னர் கார்டின் ஓரத்தைச் சீவியது தானே என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார். போலி ஸ்லாபுகளும் வருகின்றன. லேபிளிலுள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். எண்ணையே காப்பி அடிப்பார்கள் என்பதால், அங்கே படம் இருந்தால் ஓரங்களையும் அச்சுப் புள்ளிகளையும் கையிலுள்ளதோடு ஒப்பிட வேண்டும். உறையின் விளிம்பில் வெள்ளை பூத்தோ பசை தடம் தெரிந்தோ இருந்தால் திறந்து மூடியது என்று சந்தேகிக்கலாம்.

தரத்துக்கு அனுப்ப நினைத்தால், கையை உலர்த்திவிட்டு மெல்லிய உறையில் போட்டு, அதை வளையக்கூடிய அரைக்கெட்டி உறைக்குள் வையுங்கள். கெட்டி பிளாஸ்டிக் உறை வேண்டாம்; எடுக்கும்போது மூலை இடிக்கும். செல்லோடேப் கார்டின் பக்கமே போகக்கூடாது. கட்டணம் கார்டின் மதிப்போடு சேர்ந்து ஏறும். போக வரத் தபால், இன்ஷூரன்ஸ், சுங்கம் எல்லாம் மேலே. இத்தனையும் கூட்டிப் பார்த்தால், சாதாரணக் கார்டை அனுப்புவது சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்தான்.

வைத்திருப்பவர்களுக்கு: லேமினேஷன் செய்யாதீர்கள். நம் பக்கம் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யும் முதல் வேலை அதுதான். செய்த நொடியே மதிப்பு போயிற்று. பசைப் பக்கமுள்ள போட்டோ ஆல்பமும் பி.வி.சி. உறையும் ஆகாது, பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். மொட்டைமாடி அறை சித்திரை வெயிலில் கார்டை வில்லாக வளைக்கும். தரைத்தளப் பீரோவில், சுவரை ஒட்டாமல், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போட்டால் அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சரஸ்வதி பூஜைக்கு வைத்தால் சந்தனப் பொட்டைப் பெட்டிக்கு மட்டும் வையுங்கள். தரம் பார்ப்பவருக்கு அது கறை.

பழைய பேப்பர்க் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டாகக் கார்டு வந்தால், காய்ந்து ஒட்டிய ரப்பர் பேண்டை இழுக்காமல் கத்தரித்துவிட்டு, ஒட்டிய துண்டை அப்படியே விடுங்கள். சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பழைய அச்சகக் குடோன்களில் ட்ரம்ப் கார்டு, தீப்பெட்டி லேபிள் ஷீட்டுகள் வெட்டாமல் கிடைத்தால் இன்றைய கத்தியில் போட்டு வெட்டிவிடாதீர்கள். பிற்பாடு ஷீட்டிலிருந்து வெட்டியது என்று தெரிந்தால் அந்தக் கார்டுக்குத் தர எண் கிடைப்பது கடினம். வெட்டாத ஷீட்டையே சேகரிப்பவர்கள் தனியாக இருக்கிறார்கள். சுருட்டாமல், இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிம்மக்கல், மதுரை.