சேர்விடாப்பில் கிடக்கிற பெயர்கள்: மலையகக் கிறிஸ்தவ மகளிர் கல்லூரிகளின் பழைய மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும், மலர்க்குழுவில் இருக்கிற டீச்சர்மாருக்கும்,

ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கல்லூரிகளின் ஆண்டு நிறைவு மலர்களைத் தேடித்தேடிச் சேர்க்கிறவள் நான். எல்லா மலரும் ஒரே அச்சு. முதலில் ஆயரின் ஆசிச்செய்தி. அடுத்து வெள்ளைக்கார அதிபர்மாரின் படங்கள். யார் எந்த ஆண்டு கப்பலேறி வந்தார், யார் எந்த மண்டபத்தைக் கட்டினார் என்று பக்கம் பக்கமாக இருக்கும். படித்த பிள்ளைகளைத் தேடினால் வலைப்பந்து அணியின் படத்துக்குக் கீழே ‘இடமிருந்து வலம்’ என்று பத்துப் பெயர் கிடைக்கும். சரி, மற்றவர்கள்?

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த மலரைப் போடுமுன், பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளைப் பதிந்துவைத்த ஏடான சேர்விடாப்பைத் திறந்து, அதிலிருக்கிற பிள்ளைகளின் பெயர்களை அச்சிடுங்கள்.

வடக்கே யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது 1824இல். ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் நடத்தினார். 1840இல் வந்த எலைசா ஆக்னியூ ஏறக்குறைய நாற்பது வருடம் அங்கேயே இருந்து, ஊர் திரும்பாமலே இறந்துபோனார். உடுவில் பள்ளி தொடங்கிய அதே காலத்தில்தான் கம்பளைப் பக்கம் கோப்பிக்குக் காடு வெட்ட எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வரத் தொடங்கினார்கள். 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோமே, அவர்கள் வந்து இருநூறு வருடம் என்ற அந்தக் கணக்கு. அங்கே பெண்பிள்ளை எழுத்துக் கூட்டுகிறாள், இங்கே பெண்பிள்ளை கூடை தூக்குகிறாள்.

மலையில் மகளிர் பள்ளிகள் வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. கண்டியில் மெதடிஸ்தர்களின் கேர்ள்ஸ் ஹை ஸ்கூல் 1879இல் வந்தது. ஹில்வுட் 1890இல் வந்தது. அது கண்டிப் பிரதானிகளின் பெண்களுக்காகத் திறந்த பள்ளி. தோட்டத்து வரிசை வீடான லயத்துப் பிள்ளைக்கென்று யாரும் பெரிய கட்டடம் கட்டவில்லை. நமக்கு வந்தவர் வேதம் போதிக்கிற உபதேசியார்தான். 1854இல் தொடங்கிய அந்த ஊழியத்துக்கே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றுதான் பெயர் வைத்தார்கள். உபதேசியார், கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி வீட்டுப் பெண்கள்தான் முதலில் விடுதிக்குப் போனார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒன்றிரண்டாக மற்றவர்களும் போனார்கள்.

அப்படிப் போனவள் என் அம்மாயி, அம்மாவின் அம்மா. லயத்தில் அவளுக்குக் குலதெய்வத்தின் பெயர். பள்ளியில் சேர்த்தபோது பைபிளிலிருந்து ஒரு பெயர் வைத்தார்கள். (உடுவிலிலும் அந்தக் காலத்தில் இது நடந்ததுதான். பிள்ளையின் செலவுக்கு அமெரிக்காவிலிருந்து காசு அனுப்பியவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள்.) அம்மாயிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கிழவியான பிறகும், யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவாள்.

ஆனால் தோட்டத்து வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் பழைய பெயர்தான். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. மறுவருடம், மனுப்போட்டுப் பிரஜாவுரிமை கேட்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 1946 ஜனவரிக்கு முன்னால் தொடர்ந்து இங்கே இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும்: கலியாணம் கட்டியவருக்கு ஏழு வருடம், கட்டாதவருக்குப் பத்து. செக்ரோல் அவள் வேலைக்குப் பெயர் பதிந்த நாளிலிருந்துதான் பேசும். அதற்கு முந்திய வருடங்களுக்கு அவளிடம் இருந்தது பள்ளியின் கடிதம் ஒன்றே. அதில் வேறு பெயர். விசாரணைக்குப் போன இடத்தில், “இதில் நீ யாரம்மா?” என்று கேட்டார்களாம். இரண்டும் நான்தான் என்று சொல்லியிருக்கிறாள். மனு தள்ளுபடி. நம்மில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவளுடைய அண்ணன் இராமேஸ்வரம் கப்பலேறினார். அம்மாயி போகமாட்டேன் என்று இருந்துவிட்டாள். 2003இல் சட்டம் வந்து மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தபோது அவள் உயிரோடு இல்லை.

அவள் படித்த பள்ளிக்கு இரண்டு வருடத்துக்கு முன் போனேன். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை, சண்டை பிடிக்க எழுதவில்லை. அலுமாரிச் சாவி கிடைக்க மூன்று முறை அலைந்தேன். இடாப்பின் முதுகு ஈரத்தில் ஊதி, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பக்கங்கள் ஒட்டிக்கிடந்ததால் சோற்றுக்கரண்டியின் காம்பை விட்டுப் பிரித்தார் அங்கிருந்த பியோன் ஐயா, பாவம். நீல மையில் அம்மாயியின் பள்ளிப் பெயர். தகப்பன் தொழில் என்ற இடத்தில் ‘தோட்டம்’ என்று ஒரே சொல். விலகிய காரணம்: ‘வேலைக்கு’. அந்தப் பக்கத்தில் மட்டும் அப்படி விலகியவர்கள் ஏழு பேர். கட்டடம் கட்டியவர் கதை தெரிந்த நமக்கு இந்த ஏழு பேரில் ஒருத்தியையும் தெரியாது.

தொழிலையும் காரணத்தையும் அச்சிட்டால் குடும்பங்களுக்கு வெட்கம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். எனக்கு வெட்கமில்லை. வேண்டாம் என்கிற குடும்பம் இருந்தால் அந்த வரியை விட்டுவிடுங்கள், கேட்காமலே எல்லாரையும் விட்டுவிடாதீர்கள். ஊரில் வேறு பெயர் இருந்தால் அதையும் பக்கத்தில் போடுங்கள். பேரப்பிள்ளைகள் வந்து சொல்வார்கள். 1960, 61இல் சில பள்ளிகள் அரசாங்கத்துக்குப் போயின, சில சபையோடு நின்றன. அலுமாரி என்னவோ எல்லா இடத்திலும் ஒன்றுதான். நுவரெலியாக் குளிரில் அந்தத் தாள் இன்னும் எத்தனை மழைக்குத் தாங்கும்?

ஏடுகளை வெளியே கொண்டுபோக வேண்டியதில்லை. அலுவலக மேசையிலேயே வைத்து, வெயில் வருகிற நாளாகப் பார்த்து, போனில் படமெடுத்தால் போதும். சனிக்கிழமைகளில் நான் வருவேன். பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற டீச்சர்மார் இரண்டு பேர் என்னோடு வரச் சம்மதித்திருக்கிறார்கள். சாப்பாடு நாங்களே கட்டிக்கொண்டு வருகிறோம். சாவியை மட்டும் தேடி எடுத்து வையுங்கள்.

அம்மாயியின் பெயர்கள் இரண்டையும் நான் இங்கே எழுதவில்லை. அவை மலரில் வரட்டும்.

இப்படிக்கு,
பழைய மாணவி ஒருத்தியின் பேத்தி,
ஹட்டன்.