செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி வழக்கம்போல நடந்தது. போன வருடம் பெஞ்சல் புயலில் பறந்துபோன கொட்டகைக் கூரையை மார்ச்சில் மாற்றிவிட்டோம். கோடைப் பயிற்சிக்குப் பிள்ளைகள் நன்றாக வந்தார்கள். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாளுக்குக் கொடி ஏற்றினோம். செயற்குழு நான்கு முறை கூடியது, அதில் இரண்டு முறை நானும் பொருளாளரும் மட்டும்தான்.

இனி ஆகஸ்ட் 16, புதுக் குடிமகள் ஒருவருக்காக நாம் ஆடிய கிரிக்கெட். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் வாட்ஸப் குழுவில் இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு அன்றைக்கு நான் பதில் போடவில்லை.

நம் உறுப்பினர் ஒருவருடைய மனைவி பிரான்சில் பிறந்தவர். பத்து வருடமாக நம் தெருவில் இருக்கிறார், பிள்ளைகள் இரண்டும் இங்கேதான் படிக்கின்றன. இந்தியரை மணந்தவர்கள் ஏழு வருடம் இங்கே வசித்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அவரும் விண்ணப்பித்து, நடையாய் நடந்து, இந்த ஜூலையில் உறுதிமொழி எடுத்து இந்தியக் குடிமகள் ஆனார். நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, அதனால் பிரெஞ்சு நேஷனாலிட்டியை விட்டுவிட்டார். அந்த நேஷனாலிட்டி எப்படியாவது கிடைக்காதா என்று ஏங்குகிற ஊர் இது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டில் சம்பந்தம் கிடைத்தால் போதும் என்று காத்திருக்கிற குடும்பங்கள் நம் சங்கத்திலேயே உண்டு. "ஏம்மா விட்டே?" என்று தெருவில் கேட்காதவர் இல்லை. "நான் இருக்கிற ஊர்ல நான் ஓட்டுப் போட வேணாமா?" என்று கேட்டார். எனக்கு அது போதும். அவருக்கு ஒரு விழா எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சால்வை, மேடை, மைக் எதுவும் வேண்டாம், கிரிக்கெட் ஆடுவோம் என்றது நான்தான். ஆகஸ்ட் 15-ஐ விட்டுவிட்டு 16 ஏன் என்று கேட்டவர்கள் நம் ஊர்க் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், நவம்பர் 1-ல் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறியது. ஆனால் சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று நினைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் இந்தியர்கள். நம் தாத்தா பாட்டிகள் புதுக் குடிமக்கள் ஆன நாள் அது. அந்த அம்மா அவர்களுக்கு அறுபத்து மூன்று வருடம் கழித்து வந்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரிக்கெட் ஏன் என்றால், இந்த நாட்டில் ஜாதி, கட்சி, மொழி எதுவும் கேட்காமல் முன்பின் தெரியாதவனிடம் "ஸ்கோர் என்ன?" என்று கேட்கலாம், அவனும் சொல்வான். ராபின் சிங்கை மறந்துவிட்டோமா? டிரினிடாடில் பிறந்து, படிக்க மெட்ராசுக்கு வந்து, தமிழ்நாட்டுக்கு ஆடி, இந்தியக் குடியுரிமை வாங்கி, 1989 மார்ச்சில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம் ஆடினார், அதுவும் பிறந்த டிரினிடாடிலேயே, வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக. அவர் எல்லைக்கோட்டில் விழுந்து பந்தைத் தடுத்தபோது எந்த ஊர்க்காரர் என்று யார் கேட்டோம்?

ஆட்டத்துக்கு வருவோம். அந்த அம்மாவுக்குத் தெரிந்தது பெத்தாங் என்கிற பிரெஞ்சுக் குண்டு விளையாட்டு. இரண்டு காலையும் ஊன்றி நின்று, உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து இரும்புக் குண்டை விடுவார்களே, அதே கையில் டென்னிஸ் பந்தையும் விட்டார். பிள்ளைகள் "அக்கா, கையச் சுத்திப் போடுங்க" என்று கத்தினார்கள். ஆறு பந்தில் நான்கு வைடு. கடைசிப் பந்து தரையில் பட்டு எழும்பாமல் உருண்டே போய் ஸ்டம்பைத் தட்டியது, அவுட் ஆனது அவர் வீட்டுக்காரர். திடலில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கேசரியும் சுண்டலும் கொடுத்தோம், பிள்ளைகள் சேர்ந்து வாங்கிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் அழுதுவிட்டார்.

வந்தவர்கள் பதினெட்டுப் பேர். லீவு நாள், காலை ஆறரை மணி, தெருமுனைத் திடல், இதற்கும் வர முடியாதவர்களை நான் எங்கே கூப்பிடுவது? வராதவர்களில் சிலர்தான் "ஒருத்தருக்காகச் சங்கப் பணமா?" என்று குழுவில் எழுதியவர்கள். சொல்லிவிடுகிறேன், சங்கப் பணத்தில் வாங்கியது பந்தும் கேசரியும்தான், சுண்டல் என் வீட்டுச் செலவு.

நவம்பர் 2 அன்று பெண்கள் உலகக்கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் கொட்டகையில் டிவி வைத்தோம். மழையால் தாமதமாகத் தொடங்கி நள்ளிரவு வரை போனது. தீப்தி சர்மா பந்தில் ஹர்மன்பிரீத் பின்னால் ஓடிப்போய்க் கேட்ச் பிடித்து 52 ரன்னில் ஜெயித்தபோது முதலில் எழுந்து குதித்தவர் அந்த அம்மாதான், "நாம ஜெயிச்சிட்டோம்" என்று. நாம என்றார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைத்திருக்கிறார், கேட்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம். கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது, கூரைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் கொஞ்சம் இருக்கிறது. சந்தாவைப் பாதிப் பேருக்கு மேல் கட்டவில்லை, சிலருக்கு இது மூன்றாவது வருடம். பெயர் படிக்கச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்றுவிட்டேன், அடுத்த பொதுக்குழுவிலும் அப்படிச் சொல்வேன் என்று உறுதி இல்லை. திடலைச் சுத்தம் செய்து கொடுத்த இளைஞர்களுக்கும், டிவி கொடுத்த வீட்டாருக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் மகிழ்ச்சியாகக் கொடுத்துவிடுவேன். ஆனால் ஒன்று, இன்னொரு உறுப்பினருடைய மருமகன், மலேசியாவில் பிறந்தவர், இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறார். அவருக்கு உயிர் பேட்மிண்டன். ஆகஸ்ட் 16-க்குள் கிடைத்துவிட்டால் நமக்கு ஒரு வலையும் இரண்டு கம்பமும் வேண்டும். வலை என்ன விலை என்று விசாரித்து வைத்திருக்கிறேன், நிலுவைச் சந்தா வந்தாலே வாங்கிவிடலாம். ரசீதுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்