'ஏன் இல்லை?' என்று கேட்காதவர்களுக்கு

சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் ஆய்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

'பெருந்தொற்றுக் காலத்தில் பல் மருத்துவர்களின் அறிவு, மனப்பான்மை, நடைமுறை' என்ற வினாப்படிவம் மறுபடியும் வந்து சேர்ந்தது. 2020இல் தொடங்கி இது எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கேள்விகள் அப்படியே இருக்கின்றன. நோயின் அடைகாலம் எத்தனை நாள்? நோயாளியைத் தொடும் முன் கை கழுவுவீர்களா: எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை? ஒரு பல் மருத்துவர் தன் கைப்பட 'ஒருபோதும் இல்லை' என்று குறிப்பார் என எதிர்பார்க்கும் உங்கள் வெள்ளை மனத்தை வணங்குகிறேன்.

சென்ற முறை நாங்கள் நிரப்பிக் கொடுத்ததற்கு இப்படி முடிவு சொன்னீர்கள்: அறிவு திருப்திகரம், மனப்பான்மை நன்று, நடைமுறை போதாது, பயிற்சி தேவை. அந்தப் 'போதாது' கணக்கில் நானும் இருக்கிறேன்.

ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய என்-95 கவசம் அணிகிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். 'இல்லை' என்று குறித்தேன். அந்த நாட்களில் என்னிடம் இருந்தவை ஐந்தே ஐந்து. சிகிச்சை அறைக்கு வெளியே ஐந்து ஆணிகள், ஐந்து காகிதப் பைகள், அவற்றின் மேல் கிழமைப் பெயர்கள். திங்கட்கிழமைக் கவசத்தை மூன்றாவது திங்களன்று எடுத்து மாட்டும்போது நாடா தளர்ந்திருக்கும். ஓரத்து இடைவெளியில் நுழையும் காற்று வடிகட்டியிடம் அனுமதி கேட்டுக்கொண்டா வரும்? கவசம் முகத்தோடு பொருந்துகிறதா என்று சோதிக்க எவரும் வரவில்லை.

ஆறாவது ஆணி இல்லை. அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. உறிஞ்சுகுழாயைப் பிடித்தபடி, நோயாளியின் வாய்க்கு நான் இருந்த அதே தொலைவில் நின்ற என் உதவியாளருக்குச் சாதாரண அறுவைசிகிச்சைக் கவசம்தான் கிடைத்தது. பல்லைக் குடையும் ஏரோட்டர் கருவி நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சூடு தணிக்க அதிலிருந்து நீர் பாயும். எச்சிலோடு கலந்து தெறிக்கும் அந்தத் திவலை, பட்டம் பெற்ற முகமா, பெறாத முகமா என்று பார்ப்பதில்லை. ஒரு நாள் அவர், "டாக்டர், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நான் சற்றுத் தள்ளி நிற்கட்டுமா?" என்று கேட்டார். தள்ளி நின்றால் குழாய் எட்டாது. எட்டாவிட்டால் திவலை இன்னும் பரவும். இது இருவருக்குமே தெரியும். நான் பதில் சொல்லவில்லை. அவர் தள்ளி நிற்கவும் இல்லை. உங்கள் படிவத்தில் உதவியாளரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது.

என் கோரிக்கை இதுதான்: 'செய்கிறீர்களா?' என்னும் ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் 'இல்லையெனில், ஏன்?' என்று ஒரு வரி சேருங்கள். அங்கே வரும் பதிலுக்கு உங்களில் யாராவது பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

அறையின் காற்று மணிக்கு 12 முறை மாறினால் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் அகல 23 நிமிடம் ஆகும், 6 முறை என்றால் 46 நிமிடம் ஆகும் என்று படித்திருக்கிறேன். அறிவுக்கு முழு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலே இல்லாத என் வாடகை அறையில் எத்தனை முறை மாறுகிறது? அதை அளக்கும் கருவியும் என்னிடம் இல்லை, சுவரை உடைக்கும் உரிமையும் இல்லை. இதற்கு எந்தப் பயிற்சி முகாமில் சேர வேண்டும்?

பல்லுக்குள் நரம்பு இருக்கும் திசு அழற்சியுறுவதுதான் பற்கூழ் அழற்சி; அதன் வலியை ஆன்டிபயாட்டிக் தணிக்காது. கல்லூரியை விட்டு வெளியே வரும் எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் தொலைபேசியிலேயே எழுதிக் கொடுத்தேன். அவசரம் தவிர எதையும் தொடாதீர்கள் என்று ஒரு சுற்றறிக்கை சொன்னது. எது அவசரம் என்பதை அடுத்த சுற்றறிக்கை மாற்றியது. வலியால் தூங்காதவர் மறுமுனையில் அழும்போது ஏதாவது எழுதத்தானே வேண்டும்? 2020 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம், சமூகப் பரவல் உள்ள இடங்களில் அவசரமற்ற பல் சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம் என்றது. செய்தித் தலைப்புகள் பலவற்றில் அந்த 'சமூகப் பரவல் உள்ள இடங்களில்' மட்டும் காணாமல்போனது. அதைத் திருத்தி மக்களுக்கு விளக்கும் வேலையும் எங்கள் தலையில்தான் விழுந்தது. பல் மருத்துவம் என்றாலே அழகுக்குச் செய்துகொள்வது என்ற எண்ணம் உங்கள் அலுவலகங்களிலும் இருக்கிறதோ என்று சில நேரம் தோன்றுகிறது.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்தருளுங்கள். உங்களிலும் பலர் அந்த மாதங்களில் தூங்கவில்லை என்பதை அறிவேன். ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: 'இல்லையெனில், ஏன்?' என்ற அந்த ஒரு வரியைச் சேருங்கள். உதவியாளருக்கும் ஒரு படிவம் அனுப்புங்கள்.

இந்த முறை வந்த படிவத்தை நிரப்பாமல் மேசையில் வைத்திருக்கிறேன். அந்த வரி சேர்ந்து வந்த அன்றே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
'நடைமுறை போதாத' ஒரு பல் மருத்துவர்